சாண எரிவாயுவும் மாட்டுப்பட்டியும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் பொருளியல் வரலாற்றில் ஒரு வினா

எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் சாணத்தின் மதிப்பும் ஏறுவதை அண்மைக்கால வரலாற்றில் மும்முறை காண்கிறோம். 1973ஆம் ஆண்டின் இறுதியில் மசகெண்ணெய் விலை சில மாதங்களுள் ஏறத்தாழ நான்கு மடங்காகியபோதும், ஈரானியப் புரட்சியை அடுத்து 1979இல் அது மீண்டும் உயர்ந்தபோதும், அந்நியச் செலாவணி வற்றிய இலங்கையில் 2022ஆம் ஆண்டு எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசைகள் நீண்டபோதும், கால்நடைக் கழிவிலிருந்து எரிவாயு பெற்று இயந்திரங்களை ஓட்டலாம் என்னும் யோசனை புதியதொரு கண்டுபிடிப்புப்போல எடுத்துரைக்கப்பட்டது. நெருக்கடி தணிந்ததும் யோசனையும் அடங்கிற்று. இவ்வாறு ஒரே யோசனை மீண்டும் மீண்டும் தோன்றி மறைவது ஆய்வுக்குரியதாகும். நூறாண்டுகளுக்கு மேலாக அறியப்பட்டுள்ள ஒரு தொழில்நுட்பம், மாடும் எருமையும் மிகுந்த மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் ஏன் வேரூன்றவில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா. மக்களின் அறியாமை, பழைமைப்பற்று என்பவற்றைக் காரணமாகக் கூறும் விடை எளிதானது. ஆனால் அது வினாவைத் தட்டிக்கழிப்பதாகும். மாடு யாருடையது, அது எங்கே மேய்ந்தது, எங்கே அடைக்கப்பட்டது, இயந்திரம் எங்கே நின்றது என்பவற்றை நோக்கின் விடை வேறுவகையாக அமையும்.

இவ்வாயுவின் வரலாறு ஓர் ஏரிக்கரையிலேயே தொடங்குகின்றது. 1776ஆம் ஆண்டில் இத்தாலிய அறிவியலாளர் அலெசாந்திரோ வோல்ட்டா மஜ்ஜோரே ஏரியின் சேற்றைக் கோலாற் கிளறி, மேலெழுந்த குமிழிகளைக் கலத்திற் பிடித்து எரித்துக் காட்டினார். வாவியின் மேற்கே உள்ள குளமொன்றின் சேற்றைக் கிளறுபவன் காண்பதும் அதே குமிழிகளையே. காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் சேதனப் பொருள்களைச் சிதைக்கும்போது மெதேன் வாயு பிறக்கின்றது. மாட்டின் இரைப்பையிலும் இதுவே நிகழ்வதால், சாணம் அந்நுண்ணுயிர்களைத் தன்னுடனேயே கொண்டு வருகின்றது. புறத்தேயிருந்து உறை ஊற்றவேண்டிய தேவை அதற்கு இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வறிவு பயன்பாட்டுக்கு வந்தது. இங்கிலாந்தின் எக்சிற்றர் நகரில் 1895ஆம் ஆண்டளவில் கழிவுநீர்த் தொட்டியின் வாயுவால் விளக்குகள் ஏற்றப்பட்டன. இரண்டோர் ஆண்டுகளுள் பம்பாயின் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்திலும் கழிவுத்தொட்டியின் வாயு சேகரிக்கப்பட்டு விளக்கெரிக்கவும், பின்னர் இயந்திரம் ஓட்டவும் பயன்படுத்தப்பட்டது. சமுதாயம் தன் எல்லைக்கு வெளியே ஒதுக்கிவைத்த மனிதரின் கழிவு, தென்னாசியாவில் முதன்முதலாக ஓர் இயந்திரத்தைச் சுழற்றியவற்றுள் ஒன்றாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. இரண்டாம் உலகப்போரின்போது எண்ணெய் முடைப்பட்ட ஜேர்மனியில் நகரக் கழிவுநீர் நிலையங்களின் வாயு உருளைகளில் அழுத்தப்பட்டு வாகனங்களுக்கு வழங்கப்பட்டது. அக்காலத்தையொட்டி அல்ஜீரியாவில் டுசெலியே, இஸ்மான் என்னும் பிரெஞ்சு வேளாண் அறிஞர் இருவர் தொழுவெருவிலிருந்து வாயு பெறும் தொட்டிகளை அமைத்தனர். 1950களில் தென்னாபிரிக்காவில் ஜோன் ஃபிறை என்பவர் தமது பன்றிப் பண்ணையின் கழிவைக்கொண்டு டீசல் இயந்திரமொன்றைப் பல்லாண்டுகள் இயக்கினார். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஹரல்ட் பேற் என்பவர் கோழி எச்சத்தின் வாயுவால் தம் மோட்டார் வண்டியை ஓட்டியமை எண்ணெய் நெருக்கடிக் காலத்துப் பத்திரிகைகளுக்குச் சுவையான செய்தியாயிற்று.

இவ்வெடுத்துக்காட்டுகள் யாவற்றுக்கும் பொதுவான ஒன்றுண்டு. மருத்துவ இல்லம், நகரக் கழிவுநீர்க் குழாய், பன்றித் தொழுவம், கோழிக்கூடு என்பன கழிவு ஓரிடத்திலே தானாகச் சேருகின்ற நிறுவனங்கள். வாயுவைப் பிறப்பிப்பதற்கு முன் கழிவைச் சேர்க்கவேண்டிய பிரச்சினை அங்கே ஏற்கனவே தீர்ந்திருந்தது. கூலித்தொழிலும் நகரமும் அடைப்புப் பண்ணையும் அதனைத் தீர்த்துவைத்தன. நமது பிரதேசத்தில் தீராதிருப்பது இந்த முதற் பிரச்சினையே.

இயந்திரத்தின் பக்கம் சற்றுத் திரும்புவோம். சாண வாயுவில் நூற்றுக்கு 55 முதல் 65 வரை மெதேன். எஞ்சியதிற் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. சிறிதளவு ஐதரசன் சல்பைட்டும் உண்டு. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான இந்தக் கடைசி வாயு இயந்திரத்தின் உலோகப் பாகங்களை அரிப்பது. எனவே இரும்புத் துருவலினூடாக வாயுவைச் செலுத்தி அதனை அகற்றுவர். பெற்றோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றில் இயங்கும் தீப்பொறி இயந்திரம் சாண வாயுவில் மட்டுமே இயங்கவல்லது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை; அழுத்தத்தின் வெப்பத்தால் மெதேன் தானே பற்றிக்கொள்ளாது. ஆதலின் உட்செல்லும் காற்றோடு வாயுவைக் கலந்துவிட்டு, சிறிதளவு டீசலைப் பீச்சி அதனைக் கொளுத்தவேண்டும். இதனை இரட்டை எரிபொருள் முறை என்பர். டீசல் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை இம்முறையால் மீதப்படுத்தலாம். இந்தியாவில் கிர்லோஸ்கர் நிறுவனம் இத்தகைய இயந்திரங்களைச் செய்து விற்றது. உழவு இயந்திரத்தையோ பேருந்தையோ ஓட்டுவது வேறு கதை. மெதேனைத் திரவமாக்கச் சுழிக்குக் கீழே 162 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கவேண்டும். உருளையில் அடைப்பதாயின் ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தம் தேவை. கிராமத்தில் இவை கைகூடா. எனவே நாம் பேசக்கூடியது நின்ற இடத்தில் நின்று இயங்கும் இயந்திரங்களைப் பற்றியே: நீரிறைக்கும் பம்பி, நெல்லுக்குற்றும் இயந்திரம், மின்பிறப்பாக்கி.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு குதிரைவலுவை ஒரு மணிநேரம் பெறுவதற்கு ஏறத்தாழ 0.45 கனமீற்றர் வாயு வேண்டும் என்பது இந்திய அனுபவம். 5 குதிரைவலுப் பம்பி நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் இயங்க 9 கனமீற்றர் தேவை. ஒரு கிலோ ஈரச்சாணம் 0.04 கனமீற்றர் அளவு வாயு தரும். ஆகவே 225 கிலோ சாணம் நாள்தோறும் தொட்டியில் விழவேண்டும். அதே அளவு நீரும் அதனுடன் கரைக்கப்படல் வேண்டும். தொழுவத்திற் கட்டி வளர்க்கப்படும் மாடு நாளொன்றுக்கு 10 கிலோ சாணமிடும் எனக் கொண்டால் 23 மாடுகள் வேண்டும். பகலில் மேயவிட்டு இரவில் மட்டும் அடைக்கப்படும் மாடுகளிடமிருந்து அதிற் பாதியே கிடைக்குமாகையால், இரட்டிப்புத் தொகை, அதாவது 45 மாடுகள் வேண்டும். இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது சுமார் 4 லீற்றர் டீசலின் சேமிப்பு. மூன்று நான்கு மாடு வைத்திருக்கும் குடும்பம் தன் அடுப்பை எரிக்கலாம். பம்பியை ஓட்ட இயலாது. பம்பி ஓட்டுபவர் ஒன்றிற் பெருமந்தையின் உடைமையாளராக இருக்கவேண்டும், அன்றேல் பலர் சேர்ந்து சாணத்தைப் பொதுவில் இடும் அமைப்பொன்று இருக்கவேண்டும். பொறியியற் கணக்காகத் தொடங்கியது இங்கு வர்க்கம் பற்றிய கணக்காக முடிந்துவிடுகின்றது.

வாவிப் பிரதேசத்தின் அமைப்பை இக்கணக்குடன் பொருத்திப் பார்ப்போம். வடக்கே ஏறாவூரை அண்டிய பகுதி முதல் தெற்கே கல்முனைப் பக்கம் வரை 50 கிலோமீற்றருக்கு மேலாக நீளும் வாவி, நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாக வகுக்கின்றது. ஞாயிறு எழும் கிழக்குக்கரை கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டை. மக்கள் செறிந்த ஊர்களும் கோயில்களும் பாடசாலைகளும் அங்கேயே. களுதாவளை, தேற்றாத்தீவு போன்ற ஊர்களில் மணலிலே கிணறு வெட்டி, மிளகாய், வெற்றிலை, காய்கறி வகைகளை நீரிறைத்து விளைவிப்பர். துலாவும் பட்டையும் இருந்த இடத்தை மண்ணெண்ணெய்ப் பம்பியும் பின்னர் மின்பம்பியும் பிடித்துக்கொண்டன. ஞாயிறு படும் மேற்குக்கரை நெல்வயலும் குளமும் காடும் கலந்த விரிந்த பரப்பு, மாட்டுப்பட்டிகள் அங்கேயே. இயந்திரம் கிழக்கில், சாணம் மேற்கில், நடுவே வாவி. மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன் அத்துறையைக் கடப்பதற்குத் தோணியும் பாதையுமே கதி. சாணத்தைப் பாதையிலேற்றி வாவியைக் கடத்துவதை எந்தக் கமக்காரனும் எண்ணியிரான், எண்ணாதது அறிவீனமுமன்று.

காலத்தின் முரண்பாடு இடத்தின் முரண்பாட்டினும் ஆழமானது. வடகீழ்ப் பருவமழையோடு பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் மாடுகள் வயற்புறத்திலிருந்து அகற்றப்பட்டு மேற்கே மேட்டுநிலங்களுக்கும் காட்டோர மேய்ச்சல் தரைகளுக்கும் ஓட்டப்படும். அறுவடை முடிந்தபின் அவை அரிதாளை மேயத் திரும்பிவரும். பட்டியும் அவற்றோடு இடம் மாறும். கம்பும் முட்கிளையும் கொண்டு அடைக்கப்படும் அப்பட்டியை அவிழ்த்து வேறிடத்தில் அமைத்துவிடலாம். நிலத்தைத் தோண்டிச் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டிய வாயுத்தொட்டியை அவ்வாறு பெயர்க்க முடியாது. அசையும் உடைமையான மந்தையையும் அசையாத் தொட்டியையும் இணைக்க முனையும் எந்தத் திட்டமும் முதலில் மேய்ச்சல் முறையை மாற்றவேண்டும். மேய்ச்சல் முறையை மாற்றுவதாயின் நிலவுடைமையைத் தொடவேண்டும்.

இப்பிரதேசத்தின் நிலவுடைமை போடியார் என்னும் பெருநிலக்காரரை மையமாகக் கொண்டு வளர்ந்தது. போடியார் பெரும்பாலும் எழுவான்கரையில் வாழ்ந்தார்; அவரது வயல் படுவான்கரையிலிருந்தது. அவரின் சார்பில் முல்லைக்காரர் வயலை மேற்பார்த்தார், வயற்காரர் உழைத்தனர். மந்தையும் இவ்வமைப்பினுள்ளேயே அடங்கியிருந்தது. மாட்டின் குறி உடைமையாளருடையது. காட்டில் அதன் பின்னே நடந்தவன் வேறொருவன். முல்லை என்னும் சொல் பழந்தமிழ் இலக்கியத்தில் ஆநிரை மேய்க்கும் நிலத்தையும் அதன் ஒழுக்கத்தையும் சுட்டியதென்பதை இலக்கிய மாணவர் அறிவர். அதே ஒலிவடிவம் மட்டக்களப்பிலே நெல்வயலின் மேற்பார்வையாளனுக்குப் பெயராக நிற்பது, சொல்லின் தோற்றம் எதுவாயினும், மேய்ச்சற் பொருளாதாரம் நெற்பொருளாதாரத்துக்குக் கீழ்ப்பட்ட கதையை நினைவூட்டாமற் போகாது. 1958ஆம் ஆண்டு பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியின் உரிமையைப் பாதுகாக்க முற்பட்டது. நெற்காணியைப் பற்றிய அச்சட்டத்திற் பட்டிக்காரனுக்கு இடமிருக்கவில்லை. மேய்ச்சல் தரை அரச நிலமாக, அதாவது அரசு விரும்பியபோது வேறெவருக்கும் வழங்கக்கூடிய வெற்றுநிலமாகக் கருதப்பட்டு வந்தது.

மாடும் எருமையும் இங்கு பாலுக்கும் தயிருக்கும் மட்டும் வளர்க்கப்பட்டவையல்ல. அவையே அக்காலத்து இயந்திரங்கள். மழைநீர் தேங்கிய வயலை எருமைகளை விட்டு மிதிப்பித்துச் சேறாக்கினர். அறுத்த கதிரைச் சூடாகக் குவித்து, களவெட்டியிற் பரப்பி, மாடுகளை வட்டமாக ஓட்டிச் சூடடித்தனர். நெல்லை நெல்லென்று சொல்லாது பொலி என்று சொல்லும் தனிப்பேச்சு வழக்கொன்றே களவெட்டிக்கு உரியதாயிருந்தது. இரவு முழுதும் மாடுகளின் பின்னே நடந்தவர்கள் பாடிய பொலிப்பாடல்கள் நாட்டாரியல் ஆய்வாளருக்கு இன்று அரும்பொருள்களாகிவிட்டன. அப்பாடல்களைச் சேகரித்தோர் அவற்றின் இனிமையைப் போற்றிய அளவுக்கு, அவை ஒரு சக்திமூலத்தின் வேலைநேரப் பாட்டுகள் என்பதைக் கவனித்தாரில்லை. மாடு நின்றதும் பாட்டும் நின்றது. மரபு மறைவதைக் குறித்து இரங்குவோர் பலர். டீசலின் வரவே அதன் உடனடிக் காரணம் எனக் கூறுவோர் சிலரே.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதனையடுத்து வந்த குடியேற்றங்களும் கிழக்கிலங்கையில் உழவு இயந்திரத்தின் பரவலுக்கு வழிகோலின. நான்கு சக்கர உழவு இயந்திரத்தை வாங்கும் வசதி போடியாருக்கும் புதிய வாடகைக்காரருக்குமே இருந்தது. அதன்பின் இரு சக்கர உழவு இயந்திரம் வந்தது. அதனை எமது கமக்காரர் 'லாண்ட்மாஸ்டர்' என்றே பொதுப்பெயராக வழங்குவர். 1950களில் அவ்வியந்திரத்தை வடிவமைத்தவர் இலங்கையரான றே விஜேவர்த்தன என்பது பலர் அறியாத செய்தி. அதனினும் சுவையானது, அவரே பின்னாளில் வெப்பமண்டலச் சிறுகமத்தை உழவு இயந்திரமயமாக்குவதன் கடும் விமர்சகராக மாறி, உயிர்த்திணிவிலிருந்து சக்தி பெறுவதற்காக வாதிட்டமையாகும். 1977இன் பின் இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டபோது எருமையின் இடம் மேலும் சுருங்கிற்று. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னந்தோட்டங்களோடு மந்தைகளையும் அழித்தது. ஓட்டுவதற்கு எரிபொருள் வேண்டாத எருமையை எரிபொருளுண்ணும் இயந்திரம் வெளியேற்றியது. அவ்வியந்திரத்துக்கு எரிபொருளாகியிருக்கக்கூடிய சாணமும் எருமையுடன் வெளியேறிற்று.

இந்திய அனுபவத்தை அப்படியே இங்கு பொருத்த முடியாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. தில்லியிலிருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1939ஆம் ஆண்டளவில் எஸ். வி. தேசாய் சாண வாயு பற்றிய பரிசோதனைகளைச் செய்தார். 1951இல் ஜஷ்பாய் பட்டேல் மிதக்கும் உருக்கு மூடியுடைய தொட்டியை வடிவமைத்தார். 1960களின் தொடக்கத்தில் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு அதனைப் பரப்ப முன்வந்தது. அங்கு அதற்கு ஒரு வலுவான நியாயம் இருந்தது. விறகு அருகிய சமவெளிகளில் சாணம் வறட்டியாகத் தட்டி எரிக்கப்பட்டது. எரித்தால் நிலத்துக்கு எருவில்லை, எருவாக்கினால் அடுப்புக்கு எரிபொருளில்லை. வாயுத்தொட்டி இரண்டையும் தந்தது. காடு அண்மித்த மட்டக்களப்பில் விறகுக்குப் பஞ்சமிருந்ததில்லை. சாணம் மண்தரை மெழுகவும், சுட்டுத் திருநீறாக்கவும், நிலத்துக்கு எருவாகவும் பயன்பட்டதேயன்றி அடுப்பில் எரிக்கப்பட்டதில்லை. ஆகவே இங்கு வாயுவின் நியாயம் அடுப்பிலிருந்து தோன்றமுடியாது, இயந்திரத்திலிருந்தே தோன்றவேண்டும். இயந்திரத்துக்கோ 45 மாடுகளின் சாணம் வேண்டும்.

இந்தியாவிலும் தனிக்குடும்பத் தொட்டிகளின் மானியம் மாடும் முதலும் உள்ளவரையே சென்றடைந்தது என்ற விமர்சனம் 1970களிலேயே எழுந்தது. அதுவரை வழியிற் கிடந்த சாணத்தை இலவசமாகப் பொறுக்கிய நிலமற்றோருக்கு, சாணம் பெறுமதி பெற்றதும் அதுவும் கிடையாதாயிற்று. ஒரு பொருள் பண்டமாகும்போது அதனை முதலில் இழப்பவன் யார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இவ்விக்கட்டினின்று வெளியேற முயன்றவற்றுட் குறிப்பிடத்தக்கது கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்திலுள்ள புரா என்னும் சிற்றூர். ஏறத்தாழ 500 மக்களும் 250 மாடுகளும் கொண்ட அவ்வூரில், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அமுல்ய ரெட்டியும் அவர்தம் குழுவினரும் முதலில் ஊர் முழுவதற்கும் சமையல்வாயு வழங்க முயன்றனர். சாணம் போதவில்லை, முயற்சி தோற்றது. பின்னர் 1987இல் அதே வாயுவை இரட்டை எரிபொருள் இயந்திரத்திற் செலுத்தி, 5 கிலோவாற்று மின்பிறப்பாக்கியை இயக்கி, ஆழ்துளைக் கிணற்றுக் குடிநீரும் வீட்டுவிளக்கும் வழங்கினர். சாணம் கொண்டுவந்தவருக்கு எடைப்படி கூலி கொடுக்கப்பட்டது. அதனைப் பெற்றவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். வெளிவந்த சாணக்குழம்பு உலர்த்தப்பட்டு மாட்டுக்காரருக்கே எருவாகத் திருப்பியளிக்கப்பட்டது. நிருவாகம் ஊர்ச் சபையிடம் இருந்தது. தொழில்நுட்பத்தில் இது எவ்வகையிலும் புதிதன்று. சாணம் சுமக்கும் உழைப்பை உழைப்பென ஏற்று அதற்கு விலை கொடுத்தமையே புதிது.

சீன அனுபவம் மற்றொரு பாடத்தைத் தரும். 1970களின் இறுதியில் அங்கு ஏறத்தாழ 70 இலட்சம் தொட்டிகள் கட்டப்பட்டிருந்தன. கம்யூன்களின் கூட்டுழைப்பும் அரசியல் அணிதிரட்டலும் இன்றி இவ்வளவு விரைவாக அதனைச் செய்திருக்க இயலாது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எண்ணிக்கையை முதன்மைப்படுத்திய அவசரத்தாற் பெருந்தொகையான தொட்டிகள் வாயுக் கசிந்து சில ஆண்டுகளுள் கைவிடப்பட்டன என்பதையும் முற்போக்காளராகிய நாம் மறைத்தலாகாது. பன்றி வீட்டு முற்றத்தில் அடைத்து வளர்க்கப்படும் விலங்காகையால் அங்கே கழிவைச் சேர்க்கும் பிரச்சினை இலகுவாயிருந்தது என்பதும் ஒப்பீட்டில் விடுபடக்கூடாது.

இலங்கையில் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து, தெற்கே பட்டியபொலவில் காற்று, ஞாயிறு, சாணவாயு ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு கிராமியச் சக்தி நிலையத்தை நிறுவின. வெளிநாட்டுக் கருவிகளும் நிபுணரும் வந்த அம்மாதிரிக் கிராமம் மாதிரியாகவே நின்றுவிட்டது. நாடெங்கும் பின்பற்றப்படும் முறையாக வளரவில்லை. 1974இல் தோன்றிய தேசிய பொறியியல் ஆராய்ச்சி, அபிவிருத்தி நிலையம் வைக்கோலை மூலப்பொருளாகக் கொள்ளும் உலர்முறைத் தொட்டியை உருவாக்கியது. நெற்பிரதேசமான நமக்கு அது மிகவும் நெருக்கமானது. சாணத்தை வைக்கோலுடன் சேர்த்துக் கணக்கிட்டால் மேலே நாம் காட்டிய மாட்டுத் தொகை குறையும். ஆனால் அடுத்துவந்த கால்நூற்றாண்டு படுவான்கரைக்குத் தொட்டி கட்டும் காலமாக அமையவில்லை.

போர்க்காலத்தை இவ்வாய்வில் ஒதுக்க முடியாது. ஏனெனில் மாற்று எரிபொருளின் தேவை அப்போதே உச்சத்திலிருந்தது. 1990இன் பின் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் தடைப்பட்டபோது, சில துளி பெற்றோலால் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை மக்கள் கண்டறிந்தமை பலரும் அறிந்ததே. அரச கட்டுப்பாட்டுக்கு வெளியேயிருந்த படுவான்கரைக்கும் எரிபொருள் அளந்தே சென்றது. தேவை இருந்தது, சாணம் இருந்தது, கைத்திறன் இருந்தது. இருந்தும் சாணவாயு வரவில்லை. தடைப்பட்ட பொருள்களில் சீமெந்தும் ஒன்று என்பது ஒரு காரணம். மண்ணெண்ணெய் வித்தை இன்றைக்கே பயன் தருவது, தொட்டியோ பத்தாண்டு ஓரிடத்தில் வாழ்வோம் என்ற நம்பிக்கையின்மேற் கட்டப்படுவது என்பது மற்றதும் பெரியதுமான காரணம். 2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பட்டியை முகாமுக்குக் கொண்டு செல்ல இயலாது.

போர் முடிந்த பின்னும் அரசின் பார்வை மாறவில்லை என்பதற்கு 2021ஆம் ஆண்டு தக்க சான்று தருகின்றது. அவ்வாண்டு இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, நாடு முழுவதும் ஒரே போகத்திற் சேதனப் பசளைக்கு மாறவேண்டுமெனப் பணிக்கப்பட்டது. இலண்டன் மாநகர மக்களின் கழிவு நிலத்துக்கு மீளாது பெருஞ்செலவில் தேம்ஸ் நதியை மாசுபடுத்துவதை மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியிற் சுட்டிக்காட்டியிருந்தார். மனிதனுக்கும் மண்ணுக்குமிடையிலான பொருட்பரிமாற்றம் முதலாளித்துவத்தில் முறிவதற்கு அதனை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். இலங்கை அரசோ அம்முறிவைச் சீர்செய்யச் சீனாவின் சிங்டாவோ துறைமுகப் பகுதி நிறுவனமொன்றிடமிருந்து கப்பலிற் சேதனப் பசளை தருவித்தது. தீங்கு பயக்கும் பற்றீரியா இருப்பதாகக் கூறி அது நிராகரிக்கப்பட்டது. பின்னர் பல இலட்சம் அமெரிக்க டொலர் செலுத்தப்பட்டது. இந்நாட்டின் பட்டிகளிலே சாணம் வெயிலிற் காய்ந்து மழையிற் கரைந்து கொண்டிருக்க, எரு கடல் கடந்து வந்த இவ்வரலாற்றை அங்கதம் எழுதுவோர் கற்பனை செய்திருந்தால் மிகையென்று நாம் கூறியிருப்போம். வாயுத்தொட்டியிலிருந்து வெளிவரும் சாணக்குழம்பில் நைதரசன் அழிவதில்லை. 225 கிலோ சாணத்தின் உண்மையான பெறுமதி 4 லீற்றர் டீசலிலும் பார்க்க அக்குழம்பிலேயே தங்கியிருக்கக்கூடும்.

எனில் வாவிப் பிரதேசத்தில் சாண இயந்திரத்துக்கு இடமே இல்லையா? உண்டு என்றே கருதுகிறோம். ஆனால் அது கிழக்குக்கரைத் தோட்டத்தில் அன்று. இரவிற் பெருந்தொகையாக மாடு அடைக்கப்படும் இடம் பட்டியே. அங்கேயே பாலைக் குளிரூட்டும் தேவையும் உண்டு. ஊருக்கு வெகுதொலைவிலுள்ள பட்டிகளிற் கறக்கும் பால் வெப்பத்தாற் கெடுமுன் சேர்ப்பு நிலையத்தை அடையவேண்டியிருப்பதால், மாலைப்பாலைக் கறவாது விடுதலும் தயிராக உறையவைத்தலும் பட்டிக்காரரின் வழிகளாயின. பல பட்டிக்காரர் ஒன்றிணைந்து நிலையான இரவுத்தொழுவமும் தொட்டியும் சிறு மின்பிறப்பாக்கியும் அமைத்துப் பாலைக் குளிரூட்டினால், சாணம் தூக்கிச் செல்லப்படாமலே தன் பயனைக் காணும். மட்டக்களப்பின் தாய்வழி மரபில் வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சேர்வன. மந்தையோ பெரும்பாலும் ஆண்களின் பொறுப்பிலுள்ளது. வீட்டு வளவிற் கட்டப்படும் தொட்டி பெண்ணுடையதாகவும் காட்டுப் பட்டியிற் கட்டப்படுவது ஆணுடையதாகவும் ஆகுமென்பதைக் கூட்டுறவு அமைப்போர் தொடக்கத்திலேயே கருத்திற்கொள்ளல் நன்று. புராவின் எடைக்கூலி முறை இங்கும் பொருந்தும்.

இவையனைத்துக்கும் முன்நிபந்தனை மேய்ச்சல் தரை. மாவட்டத்தின் மேற்கெல்லையில் மகாவலி அதிகார சபையின் ஆளுகைக்குட்பட்ட மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகள் மட்டக்களப்புப் பண்ணையாளர் தலைமுறைகளாக மாடு மேய்த்த தரைகள். வெளிமாவட்டங்களிலிருந்து வந்தோர் அங்கு பயிர்ச்செய்கையில் ஈடுபட்டதை எதிர்த்தும், அத்தரைகளை மேய்ச்சல் நிலமென வர்த்தமானியில் அறிவிக்கக் கோரியும், 2023 செப்டெம்பரிற் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரத்தில் அமர்ந்தனர். மாடுகள் சுடப்பட்டும் பொறிகளிற் சிக்கியும் இறப்பதாக அவர்கள் முறையிட்டனர். போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது. அங்கு இழப்பு இறந்த மாடுகளின் தொகையிலும் குறைந்துபோன பாலின் லீற்றரிலும் சொல்லப்பட்டது.